மழை கொட்டிய ஒரு ஜூன் மாதமும் ஒரு கதைப் போட்டியும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, மெக்கானிக்கல் ஆள் என்னத்தை எழுத என்று நழுவப் பார்த்தேன். அப்புறம் நம்ம தமிழ் மன்றத்துச் சிறுகதைப் போட்டி ஞாபகம் வந்தது. மூன்றாம் வருஷம் பேர் கொடுத்துவிட்டு, ஒரு வரியும் எழுத வராமல், மெஸ்ஸில் கதை என்னாச்சு என்று கேட்டவர்களிடமிருந்து ஒளிந்து திரிந்தவன் நான். அப்படி ஒளியக்கூட இடமில்லாமல் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். மேரி ஷெல்லி. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் ஆசிரியை.

லண்டனில் 1797 ஆகஸ்ட் 30-ம் தேதி பிறந்தார். தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண் உரிமைக்காக எழுதிய முன்னோடி. பிரசவத்தில் கண்ட காய்ச்சலில் பதினோரு நாளில் போய்விட்டார். தந்தை வில்லியம் காட்வினும் பெரிய சிந்தனையாளர்தான், கூடவே எப்போதும் கடன். மேரிக்குப் பள்ளிப்படிப்பு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் புத்தக அலமாரிதான் பள்ளிக்கூடம்.

1814-ல், பதினாறு வயதில், ஏற்கெனவே கல்யாணமான கவிஞர் பெர்சி ஷெல்லியோடு வீட்டை விட்டுக் கிளம்பினார். அப்பா முகத்தில் விழிக்க மறுத்துவிட்டார். மறு வருஷம் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாள்தான் இருந்தது. கணப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் அது மறுபடி உயிர் பெற்றதாக ஒரு கனவு வந்ததை டைரியில் குறித்திருக்கிறார். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தத் தூசி வானத்தை மறைத்ததில், அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. அந்த 1816-ல் மேரி, பெர்சி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் மூவரும் ஜெனீவா ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து பங்களாவில் கவிஞர் பைரன், அவருடைய டாக்டர் பாலிடோரி. வெளியே இறங்க முடியாத மழை. கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, பிரெஞ்சில் வந்திருந்த ஜெர்மன் பேய்க் கதைகளைப் படித்துப் பொழுதைப் போக்கினார்கள். ஒரு ராத்திரி பைரன்தான் ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம் என்று ஆரம்பித்து வைத்தார். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, கடைசித் தேதியும் கிடையாது.

பைரன் சில பக்கம் எழுதிவிட்டுப் போட்டுவிட்டார். பெர்சியும் தொடங்கியதோடு சரி. பெரிய கவிஞர்கள் இரண்டு பேரின் கதி அது! பாலிடோரி மட்டும் பைரன் பாதியில் விட்ட கதையை எடுத்து, ‘வாம்பயர்’ என்று பிற்பாடு ஒப்பேற்றினார். 1819-ல் அது பைரன் பேரிலேயே அச்சாகி, பாவம், அவருக்குப் பேரும் கிடைக்கவில்லை.

மேரிக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பதினெட்டு வயசு, கைக்குழந்தை வேறு. தினமும் காலையில் கதை கிடைத்ததா என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்லிச் சொல்லி அவமானமாக இருந்ததாகப் பின்னால் எழுதினார். ஒரு ராத்திரி பைரனும் பெர்சியும் உயிரின் மூலம் எது என்று நெடுநேரம் பேச, மேரி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். செத்த தவளையின் கால் மின்சாரத்தில் துடிப்பதை கால்வனி காட்டியிருந்த காலம். 1803-ல் லண்டனிலேயே தூக்கில் போட்டவனின் உடம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்திருந்தார்கள். அன்றிரவு படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. தான் உண்டாக்கிய உருவம் அசைவதைக் கண்டு மிரண்டு ஓடும் ஒரு மாணவன் கண்ணுக்குள் தெரிந்தான். மறுநாள் கதை கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்.

முதலில் சில பக்கக் கதைதான். பெர்சி விரிவாக்கச் சொல்லித் தூண்டினார். ஏரிக்கரைக் கூட்டம் கலைந்து, எல்லாரும் போட்டியையே மறந்த பிறகு, அடுத்த கோடை வரை மேரி உட்கார்ந்து எழுதினார். இடையில் அக்காவின் தற்கொலை, பெர்சியின் முதல் மனைவியின் தற்கொலை, தன் கல்யாணம், மறுபடி கர்ப்பம். பெர்சி பிரதியில் திருத்தங்கள் செய்தார் என்பது உண்மை. கையெழுத்துப் பிரதியில் இன்றும் தெரிகிறது. அதற்காகக் கதையே அவருடையது என்று சொல்வது, விடைத்தாளைத் திருத்திய வாத்தியார்தான் பரீட்சை எழுதினார் என்கிற மாதிரி. ஆனால் 1818 ஜனவரியில் பேர் போடாமல் 500 பிரதி வந்தபோது பலர் அப்படித்தான் நினைத்தார்கள். மேரியின் பேர் அட்டையில் ஏற 1823 ஆயிற்று.

நம்மவர்கள் பலர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பேர் என்று நினைக்கிறோம். இல்லை, அது உருவாக்கியவனின் பேர். பூதத்துக்குப் பேரே கிடையாது. செய்து முடித்த ராத்திரியே அவன் அதை விட்டுவிட்டு ஓடிவிடுகிறான்; அப்புறம் நடக்கிற கொலையெல்லாம் அதிலிருந்துதான். கமிஷனிங் முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிற நமக்குக் கொஞ்சம் உறைக்கும்.

மேரிக்கு அடுத்தடுத்து அடி. 1818-ல் ஒரு மகள், 1819-ல் மகன் வில்லியம் இறந்தார்கள். 1822 ஜூலையில் இத்தாலியக் கடலில் படகு மூழ்கி பெர்சி போனார். மிஞ்சிய ஒரே மகனைப் படிக்கவைக்கப் பேனாவையே நம்பினார். பெர்சியின் கவிதைகளைத் தொகுத்துப் பதிப்பித்ததும் அவர்தான். 1851 பிப்ரவரி முதல் தேதி, 53 வயதில் லண்டனில் காலமானார்.

ஏரிக்கரைக் கதை முழுதும் நமக்குக் கிடைத்தது, நாவலின் 1831 பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையால்தான். பாலிடோரி 1821-ல் இறந்திருந்தார், பைரன் 1824-ல். அன்று போட்டியில் பேர் கொடுத்த நாலு பேரில், அதை எழுதும்போது உயிரோடு இருந்தவர் மேரி ஒருத்தர்தான்.