தன் கையைத் தானே கட்டிக்கொண்ட அமீர்

குவைத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், பிப்ரவரி 25 அன்று அலுவலகம் விடுமுறை. சுதந்திர தினம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் குவைத் பிரிட்டனிடமிருந்து விடுபட்டது 1961 ஜூன் 19. பிப்ரவரி 25 என்பது ஷேக் அப்துல்லா அல் சாலிம் அல் சபா 1950இல் ஆட்சிக்கு வந்த நாளாம். இதைத் தேசிய தினமாகக் கொண்டாடும் அளவுக்கு என்ன செய்தார் மனிதர் என்று தேடப்போனேன்.

1895இல் பிறந்தவர். தாத்தா முபாரக், 1896இல் ஆட்சியிலிருந்த சகோதரரைக் கொன்று பட்டத்தைப் பிடித்தவர். அப்பா சாலிம் 1921இல் இறந்தபோது ஆட்சி மகனுக்கு வரவில்லை. பெரியப்பா மகன் அகமது அல் ஜாபிருக்குப் போனது.

1938தான் கதையின் திருப்பம். முத்துக்குளிப்பு நொடித்துப்போய் வணிகர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம். அந்தப் பிப்ரவரியில் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. ஊர்ப் பெரிய குடும்பங்கள் கூடி 14 பேர் கொண்ட சட்ட மன்றத்தைத் தேர்ந்தெடுத்தன. அதற்குத் தலைவர், ஆளும் குடும்பத்தவரான நம் அப்துல்லா! எண்ணெய்ப் பணத்தையும் மன்றம் கேட்டபோது ஷேக் அகமது பொறுக்கவில்லை. டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டது.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே அப்துல்லா ஆட்சியாளரானார். இப்போது எண்ணெய்ப் பணம் அவர் கையில், கேள்வி கேட்க ஆளில்லை. நம்மூர் அரசியல்வாதியாக இருந்தால் பழைய கோரிக்கை மறந்தே போயிருக்கும்.

சுதந்திரம் வந்த ஆறாம் நாளே ஈராக்கின் காசிம் குவைத் தன்னுடையது என்றார். அந்த நெருக்கடி வருடத்தின் கடைசியிலேயே அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. 183 பிரிவுகள் கொண்ட அரசியல் சாசனத்தில் 1962 நவம்பர் 11 அன்று அமீர் கையெழுத்திட்டார்.

என் பிழைப்பு வங்கி மென்பொருள். அதில் 'மேக்கர், செக்கர்' என்று உண்டு. பணப் பரிமாற்றத்தைப் பதிவு செய்தவரே அதற்கு ஒப்புதல் தர முடியாது. ஐம்பதாவது பிரிவைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. சட்டமியற்றல், நிர்வாகம், நீதி மூன்றும் தனித்தனி. எதுவும் தன் அதிகாரத்தை இன்னொன்றிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது. 50 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேசிய சபை, அமைச்சரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், நம்பிக்கையில்லை என்று வீட்டுக்கு அனுப்பலாம். அமீர் சபையைக் கலைக்கலாம், ஆனால் இரண்டு மாதத்தில் தேர்தல் நடத்த வேண்டும். இல்லையென்றால் பழைய சபையே திரும்பி வந்துவிடும்.

ஓட்டைகளும் இருந்தன. அமைச்சர்கள், தேர்ந்தெடுக்கப்படாவிட்டாலும், சபை உறுப்பினர்களாக உட்காருவார்கள். 2005 வரை பெண்களுக்கு ஓட்டில்லை. பிழைக்க வந்த நாங்கள் கணக்கிலேயே இல்லை, அது வேறு விஷயம்.

1964இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உடல்நலமில்லாமல் அமீரால் கடமையைச் செய்ய முடியாது போனால், தேசிய சபை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அவரை விலக்கலாம். அடுத்த வருடம் நவம்பர் 24 அன்று அப்துல்லா காலமானார்.

சபை 1976இலும் 1986இலும் கலைக்கப்பட்டபோது அந்த இரண்டு மாதக் கெடு காற்றில் பறந்தது. வாரிசுரிமைச் சட்டமோ 2006 ஜனவரியில் உயிர்பெற்றது. 15ஆம் தேதி அமீரான ஷேக் சாத், கடும் நோயாளி. பதவிப் பிரமாணம் எடுக்கக்கூட முடியாத நிலை. 24ஆம் தேதி தேசிய சபை கூடி, ஓட்டுப் போட்டு அவரை விலக்கியது. அரபு நாட்டு மன்னர் ஒருவரைச் சட்டப்படி ஒரு சபை இறக்கியது அபூர்வத்திலும் அபூர்வம்.

அந்த ஷேக் சாத் வேறு யாருமில்லை, அப்துல்லா அல் சாலிமின் மூத்த மகன்.

2024 மே 10 அன்று அமீர் மிஷால், சபையைக் கலைத்து, சாசனத்தின் சில பிரிவுகளை நான்கு வருடம் வரை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். இரண்டு மாதக் கெடு வைத்திருந்த பிரிவும் அவற்றில் ஒன்று.