விதியை எழுதியவரா சோஃபக்ளிஸ்? ஈடிபஸ் கதையில் நாம் கவனிக்காமல் விடுவது என்ன?

அப்பாவைக் கொல்வான், அம்மாவையே கல்யாணம் செய்துகொள்வான் என்று ஒருவனைப் பற்றி அருள்வாக்கு சொல்லிவிடுகிறது. அதிலிருந்து தப்பிக்க அவன் ஊரைவிட்டே ஓடுகிறான். ஓடிய வழியிலேயே எல்லாம் நடந்து முடிகிறது. ஈடிபஸ் கதை என்றால் பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். கேட்டவுடன் வரும் முடிவும் ஒன்றுதான்: தலையெழுத்தை யாரால் மாற்ற முடியும்?

ஆனா, இந்தக் கதையைப் புகழ்பெற்ற நாடகமாக்கிய சோஃபக்ளிஸ் கேட்ட கேள்வி அது இல்லை. அவர் என்ன கேட்டார் என்பது புரிய, அவர் வாழ்ந்த 90 வருடங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யார் இவர்?

கி.மு. 496 வாக்கில், ஏதென்ஸ் நகரத்துக்குச் சற்று வெளியே கொலோனஸ் என்ற ஊரில் பிறந்தவர். வசதியான குடும்பம். கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படையை கிரேக்கர்கள் தோற்கடித்தார்கள். அந்த வெற்றி விழாவில் பாடிய சிறுவர்களை முன்னின்று நடத்தியது பதின்ம வயது சோஃபக்ளிஸ்தான் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ஏதென்ஸ் தலைநிமிர்ந்த நாளில் இவருடைய பொதுவாழ்க்கையும் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து ஏதென்ஸில் நாடகம் என்பது சாயங்காலப் பொழுதுபோக்கு இல்லை. டயோனிசஸ் கடவுளுக்கு வசந்த காலத்தில் எடுக்கும் திருவிழாவில், அக்ரோபோலிஸ் மலைச்சரிவில், பட்டப்பகலில் நடக்கும் போட்டி அது. மூன்று நாடக ஆசிரியர்கள் மோதுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்கள், கடைசியில் ஒரு கேலி நாடகம் என நான்கு தர வேண்டும். நடிப்பவர்கள் எல்லோரும் ஆண்கள், முகமூடி கட்டாயம்.

கி.மு. 468-ல், முப்பது வயதைத் தொடும் முன்பே, அன்றைய ஜாம்பவான் எஸ்கிலஸை இந்தப் போட்டியில் தோற்கடித்தார் சோஃபக்ளிஸ். அதன்பிறகு திருவிழாவில் குறைந்தது 18 வெற்றிகள். மூன்றாவது இடத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை என்கிறார்கள். 120-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியிருக்கிறார். முழுசாக நம் கைக்கு வந்தவை வெறும் 7.

மூன்றாவது நடிகர்

ஆரம்பத்தில் இவரே நடிக்கவும் செய்தார். குரல் அவ்வளவு வலுவாக இல்லாததால் விட்டுவிட்டார் என்பது பழைய குறிப்பு. ஆனால் மேடையில் இவர் செய்த ஒரு மாற்றம் இன்றுவரை நிற்கிறது. அதுவரை ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் பேசுவார்கள். இவர் மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தார்.

இதில் என்ன பெரிய விஷயம்? ஈடிபஸ் நாடகத்தில் ஒரு காட்சி. கொரிந்த் நகரிலிருந்து வந்த தூதன் ஈடிபஸிடம் பேசிக்கொண்டிருக்கிறான். நீ அந்த ஊர் ராஜா பெற்ற பிள்ளை இல்லை என்று விவரம் சொல்கிறான். பக்கத்தில் ராணி யோகாஸ்டா ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறாள். ஈடிபஸுக்கு இன்னும் புரியவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. பார்வையாளர்கள் கண் யார் மேல் இருந்திருக்கும்? மூன்று பேர் இல்லாமல் அந்த மௌனத்தை மேடையில் காட்டியிருக்க முடியாது.

சரி, விதி எங்கே இருக்கிறது?

இந்த நாடகத்தில் கவனிக்க வேண்டிய விஷயம், கொலையும் கல்யாணமும் நாடகத்துக்குள் நடப்பதே இல்லை. திரை விலகும் முன்பே... மன்னிக்கவும், அந்த மேடையில் திரையே கிடையாது. முதல் வசனம் வரும் முன்பே இரண்டும் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அருள்வாக்கு சொன்னது அத்தனையும் முடிந்த கதை. மேடையில் நாம் பார்ப்பது ஒரு விசாரணையை.

தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோய். பழைய ராஜா லாயஸைக் கொன்றவனை வெளியேற்றினால்தான் தீரும் என்று டெல்ஃபி கோயிலிலிருந்து பதில் வருகிறது. கண்டுபிடித்தே தீருவேன் என்று ஊர் முன்னால் சபதம் செய்கிறான் இப்போதைய ராஜா ஈடிபஸ். தேடுகிறவனே குற்றவாளி என்பது பார்வையாளர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

வழியில் நிறுத்திக்கொள்ள அவனுக்கு எத்தனை வாய்ப்பு! பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் என்னை விட்டுவிடு என்கிறார். யோகாஸ்டா மேற்கொண்டு கேட்காதே என்று கெஞ்சுகிறாள். உண்மை தெரிந்த கிழட்டு இடையன் வாயைத் திறக்கவே பயப்படுகிறான். மூன்று பேரையும் ஈடிபஸ் கேட்கவில்லை. அவனை அப்படிக் கேட்க வைத்தது எந்த அருள்வாக்கும் இல்லை. கடைசியில் தன் கண்களைக் குத்திக்கொள்ளும்போதும், துன்பத்தைக் கொண்டுவந்தது அப்போலோ, ஆனால் குத்தியது என் கைதான் என்று பிரித்துச் சொல்கிறான். என்னைக் கேட்டால் நாடகத்தின் மையமே அந்த இடம்தான்.

நம் பேச்சில் விதி என்றால் பெரும்பாலும் போன ஜென்மத்துக் கணக்கும் கூடவே வரும். ஈடிபஸுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அவன் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்று இந்த நாடகம் எங்கேயும் விளக்கவில்லை.

சுமார் நூறு வருடம் கழித்து அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்கு இலக்கணம் எழுதியபோது இந்த நாடகத்தைத்தான் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டினார். நாயகன் விழக் காரணம் ஹமார்ட்டியா என்றார். பாடப்புத்தகங்களில் இதைக் குணக்கேடு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனா அம்பு குறி தவறுவதைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது அது. கெட்டவன் என்பதைவிட, பிசகிப்போனவன் என்பதே பொருத்தம்.

பல அறிஞர்கள் இந்த நாடகத்தை கி.மு. 430-ல் ஏதென்ஸில் பரவிய கொள்ளைநோய்க்குப் பிறகான வருடங்களில் வைக்கிறார்கள். அப்படியானால் முதல் காட்சியில் வரும் நோய், பார்த்தவர்கள் வீட்டில் நடந்தது. இன்னொன்று: இந்த நாடகம் அந்த வருடப் போட்டியில் முதல் பரிசு வாங்கவில்லை. ஜெயித்தவர் எஸ்கிலஸின் மருமகன் ஃபிலோக்ளிஸ். அவருடைய ஒரு நாடகம்கூட இன்று நம்மிடம் முழுசாக இல்லை.

நாடகக்காரர் மட்டும் இல்லை

கி.மு. 443-ல் ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணியின் நிதிப் பொறுப்பாளர்களில் ஒருவர். அடுத்த சில வருடங்களில் பெரிக்ளிஸுடன் சேர்ந்து படைத்தளபதி. சாமோஸ் தீவுக்கு எதிரான போரில் பங்கு. கி.மு. 413-ல் சிசிலி படையெடுப்பில் ஏதென்ஸ் தன் கப்பற்படையை இழந்தது. நெருக்கடியைச் சமாளிக்க நியமிக்கப்பட்ட பத்து மூத்தவர்களில், 80 வயதைத் தாண்டிய இவரும் ஒருவர் என்றே கருதப்படுகிறது. முடிவெடுப்பவன் எப்படித் தவறுவான் என்று எழுதியவர், முடிவெடுக்கும் இடத்திலேயே உட்கார்ந்தவரும்கூட.

முதுமையில் மகன் இவர்மேல் வழக்குப் போட்டதாக ஒரு கதை உண்டு. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, சொத்தை நிர்வகிக்க முடியாது என்று புகார். பதிலுக்கு, தான் எழுதிக்கொண்டிருந்த நாடகத்திலிருந்து ஒரு பகுதியை நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டி ஜெயித்தாராம். ரோமானியரான சிசரோ இதைச் சொல்கிறார். பின்னால் புனைந்ததாகவே இருக்கலாம். ஆனால் அந்த நாடகம் உண்மை.

கி.மு. 406-ல் போட்டியாளர் யூரிப்பிடிஸ் இறந்த செய்தி வந்தபோது, திருவிழாவின் முன்னோட்ட நிகழ்ச்சிக்குக் கறுப்பு உடையில் வந்தார் சோஃபக்ளிஸ். சில மாதங்களில் அவரும் இறந்தார். கி.மு. 404-ல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் சரணடைந்ததை அவர் பார்க்கவில்லை.

கி.மு. 401-ல் அதே பெயர் கொண்ட பேரன், தாத்தாவின் கடைசி நாடகத்தை மேடையேற்றினார். பெயர், கொலோனஸில் ஈடிபஸ். பார்வையற்று, ஊர் ஊராக அலைந்த கிழவன் ஈடிபஸ், சோஃபக்ளிஸ் பிறந்த அதே ஊருக்கு வந்து சேர்கிறான். தெரியாமல் செய்ததற்கு நான் எப்படிக் குற்றவாளி என்று வாதாடுகிறான். அடைக்கலம் கிடைக்கிறது. கடவுள்களே கூப்பிட, யாருக்கும் சொல்லப்படாத ஓர் இடத்தில் மறைந்துபோகிறான். மகள் ஆன்டிகனி அழுதுவிட்டு, அண்ணன்மார் சண்டையைத் தடுக்க தீப்ஸுக்குக் கிளம்புகிறாள். அங்கே அவளுக்கு என்ன ஆகும் என்பதை சோஃபக்ளிஸ் சுமார் 40 வருடத்துக்கு முன்பே வேறொரு நாடகமாக எழுதியிருந்தார்.