மழையை எழுதிய ஓவியர்

ஜப்பானியர் தலைநகராகிய டோக்கியோ முற்காலத்தில் எடோ என வழங்கிற்று. ஹிரோஷிகே அந்நகரில் 1797ஆம் ஆண்டு பிறந்தார். எடோக் கோட்டையைத் தீயினின்று காக்கும் பணி அவர் தந்தையார்க்கு உரியதாக இருந்தது. 1809இல் தாயும், அவ்வாண்டிலேயே தந்தையும் மறைந்தனர். 12 வயதுச் சிறுவராகிய ஹிரோஷிகே அப்பணியை ஏற்க நேர்ந்தது.

பணியில் ஊதியம் சிறிது, ஓய்வோ பெரிது. அவ்வோய்வில் அவர் டோயோஹிரோ என்னும் ஓவியரை அடைந்து பயின்றார். ஆசிரியர் தம் பெயரின் பிற்பகுதியாகிய ஹிரோ என்பதை மாணவர் பெயருக்கு முற்பகுதியாக அளித்தார். பின்னர்க் காவற்பணியைக் குடும்பத்தாரிடம் ஒப்புவித்து, ஓவியத்தையே பிழைப்பாகக் கொண்டார். நிலையான வருவாயை விடுத்துத் தூரிகையை நம்புதல் எளிய துணிவன்று.

எடோவினின்று கியோட்டோ செல்லும் டோக்கைடோப் பெருவழியில் 53 தங்கலூர்கள் இருந்தன. அவற்றைக் காட்டும் படவரிசை 1833ஆம் ஆண்டளவில் வெளிவரவே, அவர் புகழ் பரவிற்று. ஷோனோ என்னும் ஊரின் படத்தில் திடீர் மழை சாய்ந்து வீழ்கின்றது, மூங்கில்கள் வளைகின்றன, பல்லக்குச் சுமப்போர் மேட்டில் விரைகின்றனர். கம்பரா ஊரிலோ இரவுப்பனி ஓசையின்றிப் படிந்து கிடக்கின்றது. உண்மையில் கம்பரா பனி அரிதாகவே பெய்யும் இடமாம். ஆயினும் அப்படத்தைக் காண்பார்க்கு மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும்.

இம்மழையும் பனியும் ஒருவர் கைத்திறனால் மட்டும் தோன்றினவல்ல. ஓவியர் மெல்லிய தாளில் எழுதித் தருவார். செதுக்குபவர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் முகங்கவிழ ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்குமாறு மற்றவற்றைக் களைவார். ஒரு மழைத்தாரைக்காக இருபுறமும் மரத்தைக் களைந்து, மயிரிழை போன்ற வரம்பை ஒடியாமல் நிறுத்தல் வேண்டும்! ஒவ்வொரு வண்ணத்துக்கும் வேறு பலகை உண்டு. அச்சிடுபவர் ஈரப்பலகையில் சாயத்தை மெல்லமெல்லத் துடைத்து, இருண்ட வானம் கீழே வரவர வெளிறுமாறு செய்வார். ஓவியர் பெயரை உலகம் அறியும். இவர்களுள் பலர் பெயரை எவரும் அறியார்.

1855இல் நிலநடுக்கம் எடோவைச் சிதைத்தது. மறு ஆண்டே ஹிரோஷிகே அந்நகரின் காட்சிகளை வரிசையாக எழுதத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. 1857இல் வந்த ஒன்றில், கருமுகில் கவிந்த பாலத்தின்மீது மக்கள் குடைக்கீழ்க் குனிந்து விரைகின்றனர். ஆற்றில் ஒருவன் தெப்பத்தைத் தனியே செலுத்துகின்றான். 1858இல், எடோவில் வாந்திபேதி பரவியிருந்த காலத்தில், ஹிரோஷிகே மறைந்தார். பெயர் பெற்றும் செல்வம் சேர்த்தாரல்லர். 1887இல் பாரிசில் வாழ்ந்த ஹாலந்து ஓவியர் வான் கோ, அப்பாலத்து மழையைத் தம் கையால் எண்ணெய் வண்ணத்தில் மீண்டும் எழுதினார்.