ஜிம் கார்பெட்டும் அவர் ஏந்திய துப்பாக்கிகளும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு மலரில் புலவர் பெருமக்களின் வரலாறுகள் இடம்பெறுவதே முறையாகும். அவற்றினிடையே ஒரு வேட்டைக்காரரின் வாழ்வை வைக்க நான் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. ஜிம் கார்பெட்டின் நூலைத் தி.ஜ.ர. அவர்களின் தமிழாக்கத்தில் படித்தவர்கள் நம்மிடையே பலர். அவருடைய துணிவைப் பற்றிப் பேசாதவர் இலர். ஆயின், காட்டிற்குள் செல்லுமுன் எந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார், ஏன் அதனை எடுத்தார் என்று எவரும் கேட்பதில்லை. அவ்வொரு வினாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாழ்வை மீண்டும் படித்தபோது நான் அறிந்திருந்த கார்பெட் சற்றே வேறொருவராகத் தோன்றினார்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் இமயமலையின் அடிவாரப் பகுதியாகிய நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல்நிலையத் தலைவர். பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்தை விட்டுத் தந்தையார் 1881இல் மறைந்தார். கோடையில் நைனிதாலிலும் குளிர்காலத்தில் மலையடியிலுள்ள காலாதுங்கியிலுமாக வாழ்ந்த அக்குடும்பத்தில், சிறுவன் ஜிம்முக்குக் காடே பள்ளிக்கூடமாயிற்று.

அவருக்கு முதன்முதலில் வாய்த்தது மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அளவுக்கு மிஞ்சி மருந்து கெட்டித்ததால் அதன் வலக்குழல் முன்பே வெடித்துப் பிளந்திருந்தது. குழலும் கட்டையும் பிரியாதிருக்கப் பித்தளைக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. ஆகவே அவருக்குக் கிட்டியது ஒரே குழல், ஒரே வெடி. மீண்டும் சுட வேண்டுமாயின் மருந்தளந்து, அடைத்து, இடித்து முடிப்பதற்குள் காட்டில் எதுவும் நடந்துவிடும். பின்னர், மாணவர் படைப்பிரிவின் வழியாக மார்ட்டினி வகை ரைபிள் ஒன்று கைக்கு வந்தது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவை மட்டுமே ஏற்பது. அதனைக் கொண்டு சிறுவயதிலேயே தம் முதற் சிறுத்தையை வீழ்த்தினார். ஒரு வெடியோடு காட்டிற்குள் செல்பவன் அந்த வெடியை எளிதில் செலவழிக்கமாட்டான். இப்பழக்கம் அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை.

இளமையில் புகைவண்டித் துறையில் பணியேற்று, கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட்டில் சரக்குகளை ஏற்றி இறக்கும் பொறுப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அதனை விரிக்க இங்கு இடமில்லை. அவர் விடுப்புப் பெற்று வந்த நாள்களே நம் பொருளுக்கு உரியவை.

1907ஆம் ஆண்டு சம்பாவத் என்னும் ஊரைச் சுற்றி ஒரு பெண்புலி மக்களை அடித்துத் தின்றுகொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேரையும், அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுன் பகுதிக்குள் வந்தபின் 234 பேரையும் அது கொன்றதாகக் கணக்கு. கார்பெட் வந்த பின்னரும் உயிர்கள் போயின, மொத்தம் 436. அறிவிக்கப்பட்ட பரிசுத்தொகையை நீக்க வேண்டும், பிற வேட்டையாளர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளின்பேரில் அவர் அப்பணியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 31.

அக்காலத்துத் துப்பாக்கிகளின் நிலையை ஓரளவு அறிந்தாலன்றி அவர் தேர்வு விளங்காது. கரிமருந்தே இருந்த காலத்தில் குண்டின் வேகத்தை ஓரளவுக்குமேல் கூட்ட இயலாது. ஆதலின் பெருவிலங்கை நிறுத்தக் குண்டின் எடையையே கூட்டினர். இலங்கையில் நுவரெலியாவில் எட்டாண்டுகள் தங்கி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பின்னர் ஆப்பிரிக்காவுக்கு அரை இறாத்தல் எடையுள்ள குண்டைச் சுடும் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுசென்றார். அதைச் சுடுபவரும் விலங்கோடு சேர்ந்து அடிபட்டார் என்று கூறினும் பிழையாகாது. 1889ஐ ஒட்டிக் கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்து வந்தது. அதன்பின் சிறிய குண்டும் பெருவேகத்தோடு பாயலாயிற்று. வேட்டையாடுவோர் இரு கட்சியாயினர்: கனத்த குண்டே நிறுத்தும் என்போர் ஒருபுறம்; குறி தவறாத சிறு குண்டே போதும் என்போர் மறுபுறம்.

சம்பாவத்துக்குக் கார்பெட் எடுத்துச்சென்றது அரை அங்குல விட்டமுள்ள குண்டைச் சுடும் இரட்டைக்குழல் ரைபிள். தாசில்தார் ஏறத்தாழ 300 ஊராரைத் திரட்டி மலைச்சரிவில் நிறுத்திக் கலைப்பு நடத்திய அந்நாளில், கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். இரண்டு புலிக்கு, ஒன்று எதிர்பாராத நெருக்கடிக்கு. இக்கணக்கில் தவறேதும் இல்லை. ஆனால் தாசில்தார் முந்திச் சுட்டுவிட, புலி மீண்டும் காட்டுக்குள் திரும்பிற்று. மனம் பொறாத கார்பெட்டின் முதல் தோட்டா, அது சென்ற திசையில் வீணே பாய்ந்தது. அப்புலி மறுபடி வெளிப்பட்டபோது எஞ்சிய இரண்டும் அதன் உடலில் இறங்கின. ஆயினும் அது வீழவில்லை. வெறுந்துப்பாக்கியோடு நின்ற கார்பெட், ஓடிச்சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்தார். அதன் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே விரற்கடை இடைவெளி தெரிந்தது. சுடுபவர் முகத்திலேயே வெடிக்கக்கூடிய அக்கருவியால், பாறைமேல் நின்ற புலியின் வாயை நோக்கிச் சுட்டார். குண்டு பட்டதோ முன்பாதத்தில். நல்வேளையாக முன்னர்ப் பட்ட காயங்களாலேயே அப்புலி உயிரைவிடும் நிலையில் இருந்தது.

இறந்த புலியை ஆராய்ந்தபோதுதான் முழு உண்மை வெளிப்பட்டது. அதன் வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியாக முறிந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்புவரை உடைந்திருந்தது. முன்னொரு நாள் யாரோ ஒருவர் சுட்ட குண்டு அதன் வாயில் பட்டிருக்கிறது. அவர் அதனைத் தொடர்ந்து சென்று முடிக்கவில்லை. இயல்பான இரையைக் கவ்வ இயலாத விலங்கு மனிதரை நாடிற்று. அந்த முகமறியாத மனிதர் அன்று எந்தத் துப்பாக்கி வைத்திருந்தார், எவ்வளவு தொலைவிலிருந்து சுட்டார் என்பதெல்லாம் வரலாற்றில் இல்லை. அந்த ஒற்றை வெடியின் கணக்கில் 436 பேர் இருக்கின்றனர்.

பெருந்துப்பாக்கி என்றதும் ஆணவமும் ஆரவாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. அரசர்களும் ஆளுநர்களும் புலித்தோல்மேல் கால்வைத்து எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம்; நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சம்பாவத்துப் புலியின் உடைந்த பற்களைப் பற்றிப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. காயத்தோடு தப்பும் புலி அடுத்த ஆண்டில் ஏதோ ஓர் ஊரில் புல்லறுக்கப் போகும் பெண்ணின் கூற்றுவன். ஆதலின் சுட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும், இயலாதெனில் சுடலாகாது.

சம்பாவத் நிகழ்ச்சிக்காக அம்மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஹியூவெட், வெள்ளித்தகட்டில் செய்தி பொறித்த ரிக்பி நிறுவன ரைபிள் ஒன்றைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார். அது .275 வகையைச் சேர்ந்தது. அதன் குண்டு ஏறத்தாழ 9 கிராம். மிகு வேகமும் நேர்த்தியும் உடையது, தோளில் கனக்காதது. அவரிடமிருந்த மற்றொன்று ஜெஃப்ரி நிறுவனத்தின் .450/400 இரட்டைக்குழல். அதன் குண்டு 400 கிரெயின். நம் கணக்கில் ஏறத்தாழ 26 கிராம். குழல்வாயில் அதன் ஆற்றல் முன்னதைப்போல் இருமடங்கை நெருங்கும். எடையும் பின்னுதைப்பும் அதற்கேற்ப மிகுதி. இரட்டைக்குழலின் சிறப்பு வேறொன்றும் உண்டு. ரிக்பியில் ஒரு வெடிக்குப்பின் தாழை இழுத்துத் தள்ளினாலன்றி அடுத்த தோட்டா ஏறாது. அதில் காலமும் போகும், ஓசையும் எழும். இரட்டைக்குழலிலோ அடுத்த விசைக்கு விரல் நகர்ந்தால் போதும். இரு குழலும் இரு விசையுமாக அது உண்மையில் ஒரு கட்டையில் பொருத்திய இரு துப்பாக்கிகள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று உதவும்.

இவ்விடத்தில் கரமோஜோ பெல் என்னும் ஸ்காத்லாந்தியரை நினையாமல் இருக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், அவற்றுள் பெரும்பாலானவற்றை அதே .275 வகைத் தோட்டாவால்தான் வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றறிந்தவர் அவர். எண்ணிக்கையைக் கேட்டால் நெஞ்சு நடுங்குகிறது. அது வேறு செய்தி. அவரைச் சான்றுகாட்டிப் பெருந்துப்பாக்கி வேண்டாம் என்பாருண்டு. பெல் தாம் நிற்கும் இடத்தையும் சுடும் கணத்தையும் தாமே தேர்ந்தவர். கார்பெட்டுக்கோ அவ்விரண்டையும் பெரும்பாலும் ஆட்கொல்லியே தேர்ந்துகொடுத்தது.

ஒளியும் ஒரு காரணமாகும். 1910இல் 400 பேரைக் கொன்ற பனார் சிறுத்தையை இரவில் எதிர்கொண்டபோது அவர் கையில் இருந்தது ரைபிளன்று, சிதறுகுண்டுத் துப்பாக்கியே. குறிமுள்ளே தெரியாத இருளில் மிக நுட்பமான ரைபிளும் வெறுங்கோல்தான். காயமுற்ற சிறுத்தையை அன்றிரவே தேடிச் சென்றார். உடன்வந்தோர் பைன்மரத் தீப்பந்தங்களை ஏந்தி நின்றனர். சிறுத்தை பாய்ந்ததும் அவர்கள் பந்தங்களைப் போட்டுவிட்டு ஓடினர். தரையில் விழுந்த பந்தங்களினின்று தெறித்த வெளிச்சத்தில் அவர் சுட்டு முடித்தார்.

பெருந்துப்பாக்கி தன்னை ஏந்துபவரிடமும் விலை கேட்கும். 1929இல் வேட்டைக்குழு ஒன்றில், அருகிலிருந்தவரின் கனத்த ரைபிள் கார்பெட்டின் காதருகே வெடித்துச் செவிப்பறையைக் கிழித்தது. சீழ்பிடித்த அக்காதோடும் தாங்கொணா வலியோடும்தான் அவ்வாண்டில் தல்லா தேசத்து ஆட்கொல்லியைத் தேடி நடந்தார். காட்டில் செவியே கண்ணினும் மேலான புலன் என்று வாழ்ந்தவருக்கு அவ்விழப்பு எத்தகையது என்பதனை எண்ணிப் பார்க்கலாம்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் என்னைப் பெரிதும் நிறுத்தி வைத்த இடம். 64 பேரைக் கொன்ற சௌகர் பெண்புலியை அவர் தேடிக்கொண்டிருந்தார். முந்தைய ஆண்டில் அதனைச் சுடுவதாக எண்ணி அதன் வளர்ந்த குட்டியைச் சுட்டிருந்தார். எவ்வளவு பெரிய துப்பாக்கியும் கண்ணின் பிழையைத் திருத்தாதன்றோ! அன்று ஒரு மலையிடுக்கில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டார். முட்டை சேகரிக்கும் வழக்கமுடையவராதலால் பாசியைச் சுற்றி அவற்றை இடக்கையில் ஏந்திக்கொண்டார். வலக்கையில் ரைபிள். பெரும் பாறையொன்றைக் கடந்து தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தால், எட்டடி தொலைவில் படுத்திருந்த புலி அவர் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியின் வாயோ எதிர்த்திசையில். அதனை முக்கால் வட்டம் சுழற்ற வேண்டும். அதுவும் ஒரே கையால். புலி அசைவை உணராத அளவு மெதுவாக. சுழன்று முடிந்ததும், தோளில் பதியாத நிலையிலேயே சுட்டார். புலி இருந்த இடத்திலேயே தலை சாய்த்தது.

தாம் பிழைத்தமைக்கு அவர் பின்னர்க் காட்டிய காரணங்களுள் இரண்டு நமக்குரியவை. முட்டைகள் கையில் இருந்தமையால் சட்டென்று திரும்ப அவர் முயலவில்லை. துப்பாக்கி எடை குறைந்தது. ஆகவே ஒரு கையால் அதனைச் சுழற்ற முடிந்தது. கனத்த இரட்டைக்குழலாயின் அது நடந்திராது. எல்லா நூல்களும் பரிந்துரைக்கும் பெருந்துப்பாக்கியை அன்று எடுத்துச் சென்றிருந்தால் அவர் கதை அப்பாறையடியிலேயே முடிந்திருக்கும். முட்டைகளை மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார். அரைமணி நேரத்தில் தாய்ப்பறவை அவற்றின்மேல் அமர்ந்திருந்தது.

எட்டாண்டுகள் கழித்து, 1938 நவம்பரில், தாக் என்னும் ஊரில் அவருடைய கடைசி ஆட்கொல்லி வேட்டை. வயது 63. இம்முறை கையில் .450/400. கதிர் மறைந்து ஒளி சில நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில், பாறையொன்றின் விளிம்பில் பற்றிக்கொண்டு, பெண்புலியின் அழைப்புக்குத் தாமும் புலிக்குரலால் மறுமொழி கொடுத்தார். பின்னே, பாறைக்கு அடியில், அவரை நம்பி வந்த நால்வரும் ஓர் ஆடும் பதுங்கியிருந்தனர். சில அடித் தொலைவில் புலித்தலை தோன்றியது. முதற்குண்டு வலக்கண்ணின்கீழ் நுழைந்தது. அவ்வெடியின் உதைப்பு அவரைப் பாறையினின்று தள்ளிற்று. இரண்டாங்குழல் அவர் அந்தரத்தில் இருந்தபோதே தானாய் வெடித்தாற்போல் வெடித்துப் புலியின் தொண்டையில் தைத்தது. துப்பாக்கி எகிறி அவர் தாடையில் அறைந்தது. நால்வர்மீதும் ஆட்டின்மீதும் அவர் தலைகுப்புற விழுந்தார். பாறையைத் தொட்டவாறு புலி கிடந்தது.

அதன் தோலை உரித்தபோது பழைய குண்டுக்காயங்கள் இரண்டு தென்பட்டன. இடத்தோளில் இருந்தது, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் சிறு குண்டால் உண்டாகிச் சீழ்பிடித்து ஆறியது. அங்கே தோல் தசையோடு ஒட்டிப்போயிருந்தது. சம்பாவத்தில் கண்டதே முப்பத்தோர் ஆண்டுகளுக்குப்பின் தாக்கிலும்.

இதற்கிடையே அவர் விருப்பம் ஒளிப்படக் கருவியின் பக்கம் திரும்பியிருந்தது. ஆட்கொல்லிகளைத் தவிரப் பிறவற்றைச் சுடுவதில் நாட்டம் குறைந்து, திரைப்படச் சுருளில் அவற்றைப் பதிவுசெய்யத் தலைப்பட்டார். இரண்டாம் உலகப்போரில் வீரர்களுக்குக் காட்டுப்போர் பயிற்றினார். 1944இல் அவருடைய முதற்பெருநூல் வெளிவந்து உலகப் புகழ் ஈட்டியது. 1947இன் இறுதியில் தமக்கை மேகியுடன் கென்யா சென்று நியேரியில் வாழ்ந்து, 1955 ஏப்ரல் 19இல் மறைந்தார். இமயமலையடிவாரத்துத் தேசியப்பூங்காவுக்கு 1957இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

துப்பாக்கிகள் அவருக்குப்பின்னும் பயணம் செய்தன. ரிக்பி, அவர் நூல்களை வெளியிட்ட ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் நெடுங்காலம் இருந்து, 2015இல் அதனைச் செய்த நிறுவனத்திடமே திரும்பிற்று. ஜெஃப்ரி இரட்டைக்குழல் கடல் கடந்து, எல்மர் கீத் என்னும் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.