கொள்ளைநோயை எதிர்த்த ஹாப்கின்

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும், நோய் வாராமற் காத்தலே சிறந்தது. நம் உடலுக்கு இயல்பாகவே நோயை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. நோய்க்கிருமியைக் கொன்றோ வலி குறைத்தோ சிறிதளவு உடலிற் செலுத்தினால், உடல் அதனை அடையாளங் கண்டு, அதற்குரிய எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கிக்கொள்ளும். பின்னர் அக்கிருமி மெய்யாகவே தாக்கும்பொழுது, உடல் அதனை எதிர்க்க ஆயத்தமாக நிற்கும். இவ்வுண்மையைத் துணைக்கொண்டு இந்திய மக்களை இருபெரு நோய்களினின்றும் காக்க முயன்றவர் வால்டெமர் ஹாப்கின் என்னும் அறிஞர்.

ஹாப்கின், அக்காலத்தில் ருஷியப் பேரரசிற்கு உட்பட்டிருந்த ஒடெசா நகரில், 1860-ஆம் ஆண்டில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகாவ் என்ற பேரறிஞரிடம் உயிரியல் பயின்றார். குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்பதை விளக்கியவர் அவரே. யூதராகப் பிறந்தமையால் ஹாப்கினுக்கு அங்கே உயர்பதவி கிட்டவில்லை. மதம் மாறிப் பதவி பெறவும் அவர் இசையவில்லை. தாய்நாட்டை விட்டு நீங்கி, 1889-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வுநிலையத்தில் நூலகப் பணியை ஏற்றார். கிடைத்த நேரமெல்லாம் ஆய்வில் ஈடுபட்டார். 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தாம் கண்ட காலராத் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அவர் இந்தியா வந்தார். ஊசியைக் கண்டு மக்கள் அஞ்சினர். எனினும் ஹாப்கின் யாரையும் வற்புறுத்தவில்லை. தாமே இசைந்து வந்தவர்களுக்கே ஊசி குத்தினார். 1895-க்குள் 40,000 பேருக்கு மேல் அம்மருந்தைப் பெற்றனர். ஊரூராய் அலைந்த ஹாப்கினோ மலேரியாவால் நலிவுற்று ஐரோப்பா சென்று, மறு ஆண்டு திரும்பி வந்தார்.

1896-இல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிற்று. மக்கள் நகரைவிட்டு ஓடினர். அரசாங்கம் ஹாப்கினை அங்கே அனுப்பியது. கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய இடத்தில், சில பணியாட்களே துணையாக, அவர் இரவுபகல் உழைத்தார். இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு, அவற்றைப் பற்றிக் கிருமிகளை வளரச் செய்தார். பின்பு வெப்பத்தால் அவற்றைக் கொன்று மருந்தாக்கினார். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அதனையும் தம் உடலிலேயே ஆய்ந்தார். காய்ச்சலும் வலியும் வருத்தின. ஆயினும் தீங்கின்றி நலம் பெற்றார். பைகுல்லாச் சிறையில் விரும்பி முன்வந்த கைதிகளுக்கு ஊசி குத்தப்பட்டது; அவர்களிடையே நோய் குறைந்தது. ஆகாகான் பலரறிய ஊசி குத்திக்கொண்டதும் மக்களின் அச்சம் தணிய உதவிற்று.

புகழ் வளர்ந்த வேளையிற் பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர் ஊசி குத்திக்கொண்டனர். அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னி கண்டு மாண்டனர். ஏனைய புட்டிகளின் மருந்தைப் பெற்றவர்களுக்கு அந்நோய் வரவில்லை. எனினும் பழி ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது. ஹாப்கின் பதவி இழந்தார்.

இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. அந்தப் புட்டியைத் திறந்தபொழுது, தரையில் விழுந்த இடுக்கி செவ்வையாகத் தூய்மை செய்யப்படாமல் பயன்பட்டது என்பது சாட்சியத்தில் இருந்தது. இதனை ஆராய்ந்த ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் ஹாப்கினுக்காக வாதாடினர். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1907-இல், அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. ஆனால், தாம் நிறுவிய பம்பாய் ஆய்வுக்கூடத்தின் தலைமை மீண்டும் அவருக்குக் கிட்டவில்லை. தமக்குத் துன்பம் நேர்ந்த நாட்டிற்கே திரும்பி, கல்கத்தாவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றார்.

அந்த ஆய்வுக்கூடத்திற்கு 1925-இல் ஹாப்கின் நிலையம் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அவர் 1930-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இயற்கை எய்தினார். 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

இன்று பெருநகரங்களில் மட்டுமன்றி, தென்காசியை அடுத்த அச்சன்புதூர் போன்ற ஊர்களிலும் குழந்தைகள் அச்சமின்றித் தடுப்பூசி பெறுகின்றனர். அந்நம்பிக்கை எளிதில் வந்ததன்று. பிறருக்குக் கொடுக்கும் மருந்தை முதலில் தாமே ஏற்ற துணிவும், ஒரு சிறு இடுக்கியையும் தூய்மையாகப் பேணவேண்டும் என்னும் விழிப்புமே அதனை வளர்த்தன.