காலம் அறிந்த தளபதி

வெலிங்டன் படைக் கல்லூரியின் தலைவராய் விளங்கியவர்; ஓய்வுக்குப்பின் குன்னூரில் வாழ்ந்தவர்; 2008இல் மறைந்து உதகையில் துயில்பவர் சாம் மானெக்சா.

1971 மார்ச்சில் பாகிஸ்தானில் உள்நாட்டுப் போர் மூண்டது. தேர்தலில் வென்றோருக்கு ஆட்சியை மறுத்த அரசு, கிழக்கு வங்க மக்கள்மீதே படையை ஏவியது. இலட்சக்கணக்கானோர் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். உடனே படையெடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. தரைப்படைத் தளபதியான மானெக்சாவோ, மழைக்கால வெள்ளத்தையும் ஆயத்தக் குறைவையும் பிரதமர் இந்திரா காந்தியிடம் எடுத்துரைத்து அவகாசம் கேட்டார். அதற்குள் முக்தி வாகினிப் போராளிகள் பயிற்சி பெற்றனர். டிசம்பர் 3இல் மூண்ட இந்திய-பாகிஸ்தான் போரில், ஊர்மக்கள் இந்தியப் படைக்கு வழிகாட்டினர். 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

தன் மக்களையே பகைத்த படைக்கு ஒதுங்க இடமில்லை. காலமறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்ததன் பொருளை இவ்வெற்றி விளக்கும்.