பாட்ரிக் கெட்டிஸ் என்னும் நகர மருத்துவர்

வீட்டிற்கு உரிய நிலம் எவ்வளவு, வீட்டின் முன் ஓடும் தெருவிற்கு உரிய நிலம் எவ்வளவு என்னும் வினா, மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இஞ்சினீயர்களின் அளவுக்கோலோடு முடிந்துபோகும் சிறு கணக்காகத் தோன்றும். அக்கணக்கிற் பிழை நேர்ந்தால் அதன் வட்டியைத் தலைமுறை தலைமுறையாகச் செலுத்துவோர் அத்தெருவிற் குடியேறும் மக்களே. கொங்கு நாட்டிற் சோளமும் பருத்தியும் விளைந்த தோட்டங்கள் எல்லைக் கற்கள் நடப்பெற்று மனைப்பிரிவுகளாக மாறுவதை நாம் நாடோறும் காண்கின்றோம். இதனை எழுதுவோன் ஒரு காலத்துக் குடியிருந்த புதுத் தெருவொன்றில், மனை விற்றவர் மறைந்து போயினர், வடிகாலும் மறைந்தது, மூன்று மழைக்காலங்கள் முழங்காலளவு சேற்றில் நடந்தே வீடு சேர வேண்டியதாயிற்று. அந்நாட்களிலேயே, தெருவின் இலக்கணத்தை வீட்டு முற்றத்தில் நின்று வகுத்த ஒரு பெரியாரின் வரலாறு எமக்கு அறிமுகமாயிற்று. அவர் 1915-ஆம் ஆண்டிற் கோயம்புத்தூருக்கும் வந்தவர். பாட்ரிக் கெட்டிஸ் என்பது அவர் பெயர்.

இவர் ஸ்காத்லாந்து தேசத்துப் பாலட்டர் என்னும் சிற்றூரில் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் படையிற் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரை அடுத்த ஒரு குன்றின்மேற் குடியேறியது. கீழே டே ஆறும் நகரமும் ஒருங்கே தோன்றும் அவ்விடத்தில், தந்தையாரின் தோட்டமே சிறுவனுக்கு முதற் பள்ளியாயிற்று. செடியொன்று செழிப்பதும் வாடுவதும் மண், நீர், வெயில் ஆகியவற்றின் கூட்டுறவால் என்பதை ஏட்டிற் கற்குமுன் அவர் கையாற் கற்றார். பின்னர் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, அங்குள்ள முறை பிடியாமல் ஒரு வாரத்திற்குள் வெளியேறி, லண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். ஒரு வாரத்திற் கல்லூரியை விட்டோடியவர் பிற்காலத்திற் பேராசிரியரானார் என்பதை மாணவ நண்பர்கள் தமக்குச் சாதகமாகக் கொள்ளாதிருப்பாராக.

1879-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியின் பொருட்டு மெக்சிகோ சென்றிருந்தபோது அவருடைய கண்ணொளி திடீரென மங்கியது. வாரக் கணக்கில் இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தார். பார்வை திரும்பியதெனினும், நுண்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் நோக்கும் வலிமை போயிற்று. உயிரணுவை நோக்க இயலாத கண் ஊரை நோக்கத் தொடங்கியது. ஓர் உயிரும் அஃது இருக்கும் சூழலும் பிரிக்க ஒண்ணாதவை என்னும் உயிர்நூற் கொள்கையை மக்களுக்கும் அவர்தம் நகரங்களுக்கும் பொருத்திப் பார்ப்பதே அதன்பின் அவர் வாழ்நாட் பணியாயிற்று.

1886-ஆம் ஆண்டில் ஆனா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். மணமக்கள் எடின்பரோவின் நாகரிகப் பகுதியை விட்டு, பழைய நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தைச் சூழ்ந்த பாழடைந்த கட்டடத்திற் குடிபுகுந்தனர். சுற்றத்தார் திகைத்தனர். கெட்டிஸோ வாளியும் துடைப்பமும் எடுத்து முற்றத்தைக் கழுவினார். சுவருக்குச் சுண்ணம் அடித்தார். சன்னல்களிற் பூச்செடி வைத்தார். சின்னாளில் அண்டை வீட்டாரும் உடன் சேர்ந்தனர். இடிக்க வேண்டுவனவற்றை மட்டும் இடித்து, ஏனையவற்றைச் செப்பனிட்டுக் காக்கும் முறை அங்குத்தான் பிறந்தது. நோயுற்ற உறுப்பை முழுதும் வெட்டி எறியாது, கேடுற்ற சிறு பகுதியை மட்டும் நீக்கி உடலைப் பிழைக்க வைக்கும் அறுவை மருத்துவனின் தொழிலுக்கு இதனை அவர் ஒப்பிடுவார்.

1888 முதல் டண்டீக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியராக இருந்தார். அப்பதவியில் அவருக்குக் கோடைப் பருவம் மட்டுமே வேலை. எஞ்சிய மாதங்களெல்லாம் நகரங்களுக்கு உரியவை. உலகத்து நகரங்களின் படங்களும் வரைவுகளும் அடங்கிய பெருங் கண்காட்சி யொன்றை அவர் தொகுத்தார். அதனைச் சென்னை ராஜதானிக்குக் கொண்டுவருமாறு அப்போதைய கவர்னர் பெண்ட்லண்டு பிரபு அழைக்க, 1914-இல் தம் மூத்த மகன் அலஸ்டருடன் இந்தியாவிற்குப் புறப்பட்டார். அவர் கரை சேர்ந்தார், கண்காட்சி சேரவில்லை. அதனை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் என்னும் கப்பலை, சென்னைத் துறைமுகத்தைச் சுட்டுப் பேர்பெற்ற எம்டன் போர்க்கப்பல் அவ்வாண்டு அக்டோபரிற் கடலில் ஆழ்த்திவிட்டது. பல்லாண்டு உழைப்பின் விளைவு நீருள் மூழ்கியது. நண்பர்கள் இங்கிலாந்திலிருந்து வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சென்னையிற் கண்காட்சி நடந்தேறியது. அதன்பின் ராஜதானியின் நகரங்களை ஒவ்வொன்றாகக் கண்டு அறிக்கை எழுதப் புறப்பட்டார். தஞ்சாவூர், மதுரை முதலியவற்றோடு கோயம்புத்தூரும் அவர் கண்டெழுதிய ஊர்களுள் ஒன்று.

அக்காலத்துக் கோயம்புத்தூர், 1866-இல் முனிசிபாலிடி பெற்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு கண்ட ஊர். தெற்கே நொய்யலும் அதன் நீரை வாங்கும் குளங்களும், நடுவே கோனியம்மன் கோயிலும் தேர் ஓடும் வீதியும், வடபால் இருப்புப்பாதை, ஆங்காங்கே நூல் ஆலைகளின் புகைபோக்கிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூரைப் பிளேக் நோய் கொடுமையாக வாட்டியது. பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு இன்றும் விளங்கும் கோயில்கள் அத்துயரின் நினைவாகும். நெருங்கிய சந்துகளை இடித்து அகலமான தெருக்களை ஊடறுத்து விடுவதே நோய்க்கு மருந்து என்பது அக்காலத்து அதிகாரிகள் பலர் கொண்ட முடிவு. இந்திய நகரங்கள் பலவற்றில் அவ்வாறே செய்யவும் பட்டது.

கெட்டிஸ் அம்முடிவை ஒப்பவில்லை. அவர் ஊரை அறிந்த முறையே தனி. காரியாலயத்து மேசைமீது படத்தை விரித்துக் கோடிழுப்பவர் அல்லர். வெயிலில், கையிற் படத்துடன், சந்து சந்தாக நடப்பார், கிணற்றருகே நிற்பார், திண்ணையையும் மரநிழலையும் இடிந்த சுவரையும் குறித்துக்கொள்வார். மருத்துவன் நாடி பாராமல் மருந்து கொடுக்கலாகாது. நகரமைப்போனும் ஊரை முழுதும் அளந்தறியாமல் ஒரு கல்லையும் பெயர்க்கலாகாது என்பது அவர் கோட்பாடு.

புதிய குடியிருப்புகளைப் பற்றிய அவருடைய போதனை, நம் காலத்து மனைப்பிரிவுகளுக்கும் நேரே பொருந்துவதாகலின், அதனைச் சற்று விரித்துரைப்போம். எல்லாத் தெருவும் ஒரே அகலம், எல்லாம் நேர்கோடு, எல்லாவற்றிற்கும் கப்பிக்கல் என்று விதி வகுத்தால் படத்தில் அழகாயிருக்கும். அதன் செலவைத் தருபவன் யாவன்? தெருவிற்குப் போன ஒவ்வோர் அடி நிலமும் மனையினின்று குறைந்த நிலம். பரப்பிய கல்லும் கட்டிய சாக்கடையும் மனையின் விலையில் ஏறுகின்றன. விலை ஏறவே, ஏழை சிறு மனையை வாங்குகிறான், அல்லது வாங்காமலே ஓர் அறையிற் பத்துப் பேராக அடைகிறான். நெருக்கத்தைத் தீர்க்க வந்த அகலத் தெரு வீட்டினுள்ளே நெருக்கத்தை வளர்த்துவிடுகிறது. குடும்பத்திற்கு முதற்கண் வேண்டுவது இடம். அஃது உள்ளே வேண்டும், வாயிலில் மட்டும் இருந்து பயனில்லை.

ஆதலால் அவர் தெருக்களை இருவகையாகப் பிரித்தார். வண்டிகளும் வாணிகமும் செல்லும் பெருஞ்சாலைகள் சிலவே போதும். அவை நன்கு அகன்று, மரம் செறிந்து, உறுதியாக அமைதல் வேண்டும். வீடுகளை அடையும் உட்தெருக்களோ நடப்பார்க்கும் எப்போதேனும் வரும் ஒரு வண்டிக்கும் இடந்தந்தாற் போதும். அவற்றிற் சேமித்த நிலத்தைச் சிதறவிடாது, வீடுகளின் நடுவே ஒருங்கு திரட்டி, கிணறும் வேம்பும் குழந்தைகள் ஆடும் திடலுமாக ஆக்க வேண்டும். நம் பழைய ஊர்களில் அரசடியும் மந்தையும் செய்த தொழில் அதுவே. கோயிலைச் சூழ்ந்த தேர்வீதிகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கோயில் நகரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். ஆண்டுக்கொருமுறை தேர் வருவதை முன்னிட்டு ஊரார் தாமே வீதியை ஆக்கிரமிப்பின்றிக் காத்தது எந்த உபவிதியாலும் எளிதில் ஆகாத காரியம் என்று நமக்கும் தோன்றுகிறது.

தஞ்சாவூரில் இக்கொள்கைக்குச் சோதனை நேர்ந்தது. கோட்டைப் பகுதியின் நெருக்கத்தைப் போக்க, குடியிருந்த வீடுகளினூடே நேரான புதுத் தெருக்களை வெட்டும் திட்டமொன்று வரையப்பட்டிருந்தது. கெட்டிஸ் அதே பகுதியை நடந்து அளந்து மாற்றுப் படம் ஒன்று தந்தார். பாழடைந்து ஆளற்றுக் கிடந்த வீடுகளை நீக்கி, அவ்விடங்களைச் சிறு திறந்த வெளிகளாக்கி, இருந்த சந்துகளையே சற்று விரித்து இணைத்தார். செலவு முந்தைய திட்டத்தில் ஒரு சிறு பங்கே. வீடிழந்து தெருவில் நிற்பவரும் மிகச் சிலர்.

இவர் தென்னாடு வந்து சென்ற சில ஆண்டுகளில், 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டமும் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும் வந்தன. இவை கெட்டிஸ் ஒருவராலேயே வந்தன என்று சொல்லுதல் மிகையாகும். எனினும் அவர் எழுப்பிய வினாக்கள் அவற்றிற்குப் பின்னே நின்றன எனலாம். தன் நிலத்தை வீட்டு மனைகளாக விற்பவன், ஒவ்வொரு மனைக்கும் வழி விட்டுப் பொதுத் தெருவோடு இணைக்கும் தெருவைத் தானே அமைத்துத் தரவேண்டும் என்று பிந்திய சட்டம் விதித்தது. சமன் செய்யாமலும் கல் பாவாமலும் வடிகாலும் விளக்குமின்றியும் தனியார் தெரு கிடந்தால், உரியவர்களைக் கொண்டு அவ்வேலைகளைச் செய்விக்கும் அதிகாரமும் முனிசிபாலிடிக்குக் கிடைத்தது. முனிசிபல் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் பெயரால் ஆர். எஸ். புரம் என வழங்கும் புறநகர் எழுந்தது அதை அடுத்த காலத்தில். அதன் நேரிய அகன்ற தெருக்களிற் கெட்டிஸின் வளைவுகளைக் காணோம். ஆயினும் வீடு எழுமுன் தெரு எழவேண்டும் என்னும் ஒழுங்கை அங்குக் காணலாம்.

விதி இருந்தும் அதனைக் கடந்தவர் பலர். ஒப்புதலற்ற மனைகளின் பத்திரப்பதிவை 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அவற்றை வரன்முறைப்படுத்த அரசு தனி விதிகள் வகுத்தது. பெரிய மனைப்பிரிவுகளிற் சாலை நீங்கலாக எஞ்சிய பரப்பிற் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விடுதல் இன்று கட்டாயம். அவ்வெளி மனைகளின் நடுவே அமைகிறதா, விற்பனைக்கு உதவாத ஒரு மூலையில் ஒதுக்கப்படுகிறதா என்பதைக் கெட்டிஸ் முதலிற் கேட்டிருப்பார்.

அவர் கூறிய அனைத்தையும் ஏற்க வேண்டும் என்பதன்று எம் கருத்து. பெருஞ் செலவுடைய பாதாளச் சாக்கடையை அவர் பெரிதும் ஐயுற்று, கழிவு நீரைத் தோட்டத்திற்கு உரமாக்குவதையே விரும்பினார். இலட்சக்கணக்கானோர் வாழும் நகருக்கு அது மட்டும் போதுமா? வீட்டுக்கொரு மோட்டார் வண்டி நிற்கும் காலத்தையும் அவர் கண்டிலர். அவர் போற்றிய குறுந்தெருவில் இன்று நோயாளியை ஏற்ற வரும் வண்டியும் தீயணைக்கும் வண்டியும் நுழைந்தாக வேண்டும். அகலத்தைப் பற்றிய அவர் அளவு நமக்கு ஒவ்வாது போகலாம். அவ்வகலத்தின் விலையைச் செலுத்துபவன் யாவன் என்னும் அவர் வினா அவ்வாறு போகவில்லை.

1917-ஆம் ஆண்டு அவர் இல்லத்தில் இருள் சூழ்ந்தது. ஏப்ரலில் மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டான். செய்தி வந்தபோது மனைவியார் இந்தியாவில் நோய்ப்படுக்கையில் இருந்தார். கெட்டிஸ் அதனை அவரிடம் சொல்லாமல் தம் நெஞ்சிலேயே அடக்கிக்கொண்டார். ஜூன் மாதம் அம்மையாரும், மகன் மறைந்ததை அறியாமலே, உயிர் நீத்தார்.

இத்துயரின் பின்னரே இந்தூரில் அவருடைய புகழ்பெற்ற செயல் நிகழ்ந்தது. அங்கும் பிளேக் பரவியிருந்தது. தம்மை ஒரு நாள் அரசராக்குமாறு மகாராஜாவை வேண்டி இசைவு பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் வாராது. எத்தெருவினர் தம் தெருவை நன்கு துப்புரவு செய்து செப்பனிடுகின்றனரோ அத்தெரு வழியே வரும் என்று பறைசாற்றுவித்தார். குப்பையை இலவசமாக அகற்ற வண்டிகள் விடப்பட்டன. ஊரார் போட்டியிட்டுப் பெருக்கினர், வெள்ளையடித்தனர், பள்ளங்களை நிரப்பினர். குறித்த நாளில் யானைகளும் குதிரைகளும் முன் செல்ல, அழுக்கரக்கனின் உருவமும் பிளேக்கைக் கொணரும் எலியின் பேருருவமும் வந்தன. தெருக்கூட்டும் தொழிலாளர் தூய வெள்ளுடையும் மாலையும் அணிந்து பெருமையுடன் நடந்து வந்தனர். இறுதியில் அரக்கனும் எலியும் தீக்கிரையாயின. எத்தனை நோட்டீசுகள் கொடுத்திருந்தாலும் இத்தனை தெருக்கள் துப்புரவாகியிரா. 1918-இல் இந்தூரைப் பற்றி இரு பாகங்களாக அவர் எழுதிய அறிக்கை அவர்தம் இந்திய அறிக்கைகளுள் மிகப் பெரியது.

1919-இற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் பேராசிரியரானார். மறு ஆண்டு ஜகதீச சந்திர போஸ் அவர்களின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1925-ஆம் ஆண்டு, பாலஸ்தீனத்துத் தெல் அவீவ் நகரின் விரிவுப் பகுதிக்குத் திட்டம் வரையும் வாய்ப்பு வந்தது. நம் நாட்டு நகரங்களை நடந்து கண்டு வகுத்த இலக்கணத்தை வெற்று நிலத்தில் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு அது. சில பெருஞ்சாலைகள், அவற்றினின்று பிரியும் குறுகிய வீட்டுத் தெருக்கள், வீட்டுத் தொகுதிகளின் நடுவே தோட்டம் என அவ்வரைவு அமைந்தது. அத்திட்டத்தின்மேல் எழுந்த பகுதி 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

முதுமையில் தென் பிரான்ஸின் மாண்ட்பெல்லியே நகரிற் கல்லூரியொன்று நிறுவி, கட்டடத்தோடு தோட்டத்தையும் தாமே வளர்த்து வாழ்ந்தார். முன்னொருகால் வேண்டாமென்று மறுத்த சர் பட்டத்தை 1932-இல் ஏற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அத்தோட்டத்து இல்லத்திற் காலமானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, இந்திய நகரங்களைப் பற்றிய அவருடைய அறிக்கைகளினின்று தேர்ந்த பகுதிகளை லண்டனில் ஒரு நூலாக அச்சிட்டனர்.